போ பிஷெற் போனதில துரோகம் எங்க இருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட விளையாட்டுப் பக்கத்தில எங்கட ரொறன்ரோ பேஸ்போல் ரீம் புளூ ஜேஸில இருந்து போ பிஷெற் நியூ யோர்க் மெற்ஸுக்குப் போனதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தலைப்பிலயே துரோகம் எண்டு கொட்டை எழுத்தில போட்டிருந்தீங்கள். வாசிச்ச உடன எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, அதுதான் இந்தக் கடிதம். நீளமெண்டா வெட்டுங்கோ, ஆனா சொல்ல வந்ததை வெட்டிப்போடாதேங்கோ.

நானும் போவின்ர ஆள்தான். 2019ல அந்தப் பெடியன் நீட்டுத் தலைமயிரோட வந்த நாளில இருந்து பாத்துக்கொண்டு வாறன். 2025ல லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோட நடந்த வேர்ல்ட் சீரிஸ் எண்ட இறுதிச் சுற்றில, கடைசி ஏழாவது மற்ச்சில, மூண்டாவது இன்னிங்ஸில ஒஹ்தானியின்ர பந்தை சென்ரர் ஃபீல்டுக்கு மேலால அடிச்சு மூண்டு ரன் எடுத்துத் தந்தாரே, அந்த நேரம் எங்கட கட்டிடத்தில மேல் மாடி கீழ் மாடி எல்லாம் ஒரே சத்தம், எனக்குப் பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம் எண்டே அண்டைக்குத்தான் தெரிஞ்சது. அதனால போ போனதில எனக்குக் கவலை இல்லை எண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம். ஆனா கவலை வேற, துரோகம் வேற.

ஆறு வருசத்துக்கு மேல ஒரு ரீமுக்கு விளையாடி, கொன்ராக்ற் முடிஞ்சு, விதிப்படி ஃப்ரீ ஏஜென்ற் ஆகி, விரும்பின ரீமுக்குப் போகலாம் எண்ட ஒருத்தர், மூண்டு வருசத்துக்கு 126 மில்லியன் டொலர் தாறன் எண்டு வந்த இடத்துக்குப் போறார். இதில ஆர் ஆருக்கு என்ன வாக்குக் குடுத்து ஏமாத்தினது? மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் கூடக் கிடைக்குது எண்டு ஒரு பக்ரறியில இருந்து மற்றப் பக்ரறிக்கு மாறின சனம் நாங்கள், நாங்களே இதைத் துரோகம் எண்டு சொன்னா சிரிப்பாத்தான் இருக்கும்.

கட்டுரை எழுதினவர் ஒரு விசயத்தைத் தொடவே இல்லை, போவின்ர முழங்கால். செப்ரெம்பரில யாங்கீஸோட விளையாடேக்க ஹோம் பிளேற்றில (ஓடி வந்து ரன் முடிக்கிற இடம்) கச்சரோட (அங்க நிண்டு பந்து பிடிக்கிறவர்) மோதி விழுந்ததில வந்த காயம். வேர்ல்ட் சீரிஸுக்கு முதல் யாங்கீஸோட நடந்த சீரிஸும் மரினர்ஸோட நடந்த சீரிஸும் போ இல்லாமத்தான் வெண்டது. வேர்ல்ட் சீரிஸுக்குத் திரும்பி வந்தவர்தான், ஆனா அவற்ர வழமையான இடமான ஷோர்ட்ஸ்ரொப்பில (செக்கன்ட் பேஸுக்கும் மூண்டாவது பேஸுக்கும் நடுவில) நிக்க ஏலாது, செக்கன்ட் பேஸில நிப்பாட்டினவை. ஓடுறதைப் பாக்க எங்களுக்கே கால் நொந்தது.

இனி ஏழாவது மற்ச்சின்ர ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வாறன். சனம் இன்னும் அதையேதான் கதைச்சுக்கொண்டு திரியுது. ரன் நாலுக்கு நாலு. போ ஒரு சிங்கிள் அடிச்சிட்டு ஃபர்ஸ்ட் பேஸில நிக்கிறார். ஓட ஏலாது எண்டபடியால் அவரை எடுத்திட்டு அவருக்குப் பதிலா ஓட கைனர்-ஃபலெஃபாவை விட்டவை. கொஞ்சத்தால பேஸ் மூண்டும் நிரம்பி, ஒரு அவுட், மூண்டாவது பேஸில கைனர்-ஃபலெஃபா. எங்கட வார்ஷோ நிலத்தோட அடிச்ச பந்தை செக்கன்ட் பேஸில நிண்ட டொட்ஜர்ஸின்ர ரோஹாஸ் தடுமாறித் தடுமாறிப் பிடிச்சு ஹோமுக்கு எறிஞ்சார், கச்சர் வில் ஸ்மித்தின்ர கால் பிளேற்றில இருந்து எழும்பித் திரும்பவும் பதிஞ்சது, ரீப்ளே பாத்தும் அவுட் எண்டுதான் சொன்னவை. அரை அடி. கைனர்-ஃபலெஃபா பேஸோட ஒட்டிக்கொண்டு நிண்டது ஏன் எண்டு எல்லாரும் திட்டுகினம். முதல் நாள் ஆறாவது மற்ச்சிலயும் ஒன்பதாவது இன்னிங்ஸ்தான், எங்கட பார்ஜர் செக்கன்ட் பேஸைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிண்டதால லெஃப்ட் ஃபீல்டில பந்தைப் பிடிச்சு எறிஞ்சு டபிள் பிளே (ஒரே பந்தில ரெண்டு அவுட்) எடுத்து மற்ச்சையே முடிச்சவங்கள். அதைப் பாத்த கோச்மார் அடுத்த நாள் பேஸுக்குக் கிட்ட நில் எண்டுதானே சொல்லுவினம். எனக்கெண்டா அவரில பிழை சொல்ல மனம் வரேல்ல.

பதினொராவது இன்னிங்ஸிலயும் இதே கதைதான். ஸ்மித்தின்ர ஹோம் ரன்னால டொட்ஜர்ஸ் அஞ்சுக்கு நாலு எண்டு முன்னுக்கு நிக்க, எங்கட வ்லாட் குவெரேரோ முதல் ஆளா வந்து டபிள் அடிச்சு செக்கன்ட் பேஸுக்குப் போனார். அடுத்தது போவின்ர முறை. போ வெளியில இருக்கிறார், அந்த இடத்தில கைனர்-ஃபலெஃபா வந்து பன்ற் பண்ணி (பந்தை மெதுவாத் தட்டி) வ்லாட்டை மூண்டாவது பேஸுக்குத் தள்ளினார். கடைசியா எங்கட கேர்க்கின்ர துடுப்பு முறிஞ்சு பந்து நேர அவங்கட பெற்ஸிட்ட போக டபிள் பிளே, எல்லாம் முடிஞ்சுது. போவுக்குக் கால் சரியா இருந்திருந்தா கப் இங்க நிண்டிருக்கும் எண்டு நான் இப்பவும் நம்புறன். அதே நேரம், காலில இப்பிடியொரு காயம் பட்ட ஒருத்தருக்கு வருசத்துக்கு 42 மில்லியன், அதுவும் ஒவ்வொரு வருசமும் விரும்பினா விட்டிட்டுப் போகலாம் எண்ட வசதியோட குடுக்க வேணுமோ எண்டு ரீம் யோசிச்சா அதையும் பிழை எண்டு சொல்லமாட்டன். எங்களிட்ட ஷோர்ட்ஸ்ரொப்புக்கு ஹிமெனெஸ் இருக்கிறார். மெற்ஸிலயும் போ ஷோர்ட்ஸ்ரொப் இல்லை, அங்க லிண்டோர் நிக்கிறார்.

வேண்டாம் எண்டு விட்டதுக்கு ரீம் என்ன செய்தது எண்டும் பாக்க வேணும். பந்து எறியிற பிச்சர் டிலன் சீஸுக்கு ஏழு வருசம், 210 மில்லியன். 2025ல சான் டியேகோவில அவற்ர ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் குடுக்கிற சராசரி ரன், குறைஞ்சாத்தான் நல்லது) 4.55, அதைப் பாத்து என்ர மருமகன் தலையில கை வைச்சவர், ஆனா 215 பேரை ஸ்ரைக் அவுட் ஆக்கின (அடிக்க விடாமல் மூண்டு ஸ்ரைக்கில வெளியேத்தின) கை அது. கொரியாவில 17 மற்ச் வெண்டு ஒண்டே ஒண்டு தோத்த கோடி பொன்ஸ் எண்ட பிச்சரையும் எடுத்தது, 30 மில்லியன்தான். யப்பானில இருந்து துடுப்பாட்டக்காரர் ஒகமோற்றோ, நாலு வருசத்துக்கு 60 மில்லியன். இதோட எங்கட பிச்சர் யெஸாவெஜ். 2025 தொடக்கத்தில சின்ன லீக்கின்ர அடிமட்டத்தில நிண்ட 22 வயசுப் பெடியன், வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது மற்ச்சில 12 பேரை ஸ்ரைக் அவுட் ஆக்கி, ஒருத்தரைக்கூட வோக் (அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போக) விடேல்ல. அதே சீரிஸில நித்திரை கொள்ளாமல் பாத்த 18 இன்னிங்ஸ் மற்ச்சில விடிய மூண்டு மணிக்குத் தோத்த சோகம் எல்லாம் அந்தப் பெடியனால போயிட்டுது.

நாங்கள் எதிர்பாத்த கைல் டக்கர் டொட்ஜர்ஸுக்குப் போனதைப் பற்றி ஒரு வரிதான்: நாலு வருசத்துக்கு 240 மில்லியன் குடுக்கிறவங்களோட ஏலத்துக்கு நிக்கிறது புத்தி இல்லை.

எனக்குப் பயம் வேற இடத்தில. ஏழாவது மற்ச்சில இன்னும் ரெண்டு அவுட் எடுத்தா கப் எண்ட நிலையில எங்கட ஹொஃப்மன் போட்ட ஸ்லைடர் (வளைஞ்சு போக வேண்டிய பந்து) தட்டையா வந்து நிண்டது, ரோஹாஸ் தூக்கி வெளியில போட்டார், ரன் சமமாப் போச்சு. சீசன் முழுக்க ஏழே ஏழு ஹோம் ரன் அடிச்ச ரோஹாஸ்! ஹொஃப்மன் கெட்ட மனிசன் இல்லை, மற்ச் முடிய பிழை என்னிலதான் எண்டு நேர சொன்னவர், அது பெரிய மனசு. ஆனா வருசம் முழுக்கவே ஹோம் ரன் குடுத்துக்கொண்டுதான் இருந்தவர். அவருக்கு மேல ஒரு குளோசர் (கடைசி இன்னிங்ஸை முடிக்கிற பிச்சர்) எடுப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், எடுக்கேல்ல. எடுத்தது ரைலர் ரொஜர்ஸை, நிலத்தைத் தொடுற மாதிரிக் குனிஞ்சு கீழால எறியிறவர், எங்களுக்கு ஃபோன் பில் அனுப்பிற ரொஜர்ஸ் கொம்பனி இல்லை. நல்ல ஆள்தான், எட்டாவது இன்னிங்ஸுக்கு. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆர் எண்டு கேட்டா 2026 சீசனுக்கு முதல் ஹொஃப்மன் எண்டுதான் பதில் வந்தது. உங்கட கட்டுரையாளர் கோவிக்கிறதெண்டா இதுக்குக் கோவிச்சிருக்கலாம்.

2024ல 74 மற்ச்தான் வெண்டு டிவிசனில கடைசியா நிண்ட ரீம் இது, அடுத்த வருசம் 94 வெண்டு, 1993க்குப் பிறகு முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. வ்லாட் 2026ல இருந்து 14 வருசத்துக்கு இங்கதான் நிக்கப்போறார், அவரைச் சுத்தித்தான் எல்லாம்.

இனி உங்களிட்ட ஒரு முறைப்பாடு. ஒக்ரோபர் முழுக்க ஸ்காபரோவில பஸ்ஸில ஏறினா எங்கட அம்மாக்கள்கூட நீலத் தொப்பியோட வந்தவை, உங்கட பேப்பரில கால் பக்கமும் வரேல்ல. கப் தோத்த பிறகுதான் ஒரு படம் போட்டீங்கள், அதிலயும் பார்ஜரின்ர பேர் பிழை. கிரிக்கெற்றைக் குறைக்கச் சொல்லேல்ல, நானும் வாசிக்கிறனான். ஒவ்வொரு வருசமும் மார்ச் கடைசியில சீசன் தொடங்குது, கிழமைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கோ, விளையாட்டு விளங்கின ஆரையும் பிடிச்சு எழுத விடுங்கோ. ஆள் இல்லை எண்டா எனக்கு ஒரு கோல் எடுங்கோ, சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து உங்கட நீண்டகால வாசகன்