விமானம் ஏறிய பிறகும் ஓராண்டு துணை வேண்டும்: அயலகத் தமிழர் நலத் துறைக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்து செவிலியர் படிப்பு முடித்த பிள்ளைகள் இப்போது ஜெர்மனிக்கும் பிற நாடுகளுக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். மொழிப் பயிற்சி, நேர்காணல், விசா என்று அவர்கள் விமானம் ஏறும் நாள்வரை வழிகாட்ட ஏற்பாடுகள் உள்ளன. அந்த வழிகாட்டலை, அவர்கள் அயல்மண்ணில் இறங்கிய பிறகு வரும் முதல் ஓராண்டுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

தங்கள் துறையிடம் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. வெளிநாடு செல்லும் தமிழரின் நலனும், இலங்கையிலிருந்து வந்த தமிழரின் மறுவாழ்வும் ஒரே துறையின் பொறுப்பில் இருக்கின்றன. நான், இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட, தாயகம் திரும்பியோர் எனப்படும் தமிழர் குடும்பத்தில் பிறந்தவள். புதிய நாட்டில் முதல் ஆண்டு கைவிட்டால் என்னவாகும், கைகொடுத்தால் என்னவாகும் என்பதற்கு இந்த மலைகளிலேயே சான்று இருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்தில் நாடற்றவராக்கப்பட்டிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளில் என்பதெல்லாம் அதில் கணக்கிடப்பட்டது. வந்திறங்கியவர் முதல் ஆண்டை எப்படிக் கடப்பார் என்பது அதே அக்கறையோடு கணக்கிடப்படவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடித்து வெளியேறிய குடும்பங்களில் மிகப் பலவற்றுக்கு வியாபாரக் கடனே மறுவாழ்வாக ஒதுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்தவர்கள், முன்பின் அறியாத சமவெளி ஊர்களில் கடை வைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. பணம் கரைந்தபின் தெரிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறியவர்கள் ஏராளம். பழனி மலைக் காடுகளில் மரம் வெட்டும் வேலைக்கு முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு.

இதற்கு மாறான அனுபவமும் இங்கேயே இருக்கிறது. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் டேன்டீ என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அதில் வேலை பெற்ற குடும்பங்கள் வேரூன்றின. பழகிய தொழிலும் தங்க வீடும் கிடைத்தது ஒரு காரணம் என்றால், பக்கத்து வீட்டில் தங்களுக்கு ஓராண்டு முன்னால் வந்த இன்னொரு குடும்பம் இருந்தது மற்றொரு காரணம். ரேஷன் அட்டைக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, தாயகம் திரும்பியோர் என்பதற்குச் சான்றாகத் தரப்பட்ட குடும்ப அட்டையின் நகலை எந்த அலுவலகத்தில் கேட்பார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க எந்தச் சான்று வேண்டும் என்பதையெல்லாம் என் தாய் அறிந்துகொண்டது அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான். இன்று எழுபதைக் கடந்துவிட்ட அவர், அந்த அக்காவின் பெயரைச் சொல்லாமல் தன் முதல் ஆண்டைப் பற்றிப் பேசியதே இல்லை.

இன்று ஜெர்மனியில் இறங்கும் நம் பெண்ணுக்கு அப்படி ஒருவர் தேவைப்படும் இடங்கள் பல. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் அவர் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் சான்று வேண்டும். அந்தப் பதிவுக்குப் பிறகே வரி எண் அஞ்சலில் வரும். எண் இல்லாதவரின் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கப்படும். பொது ஒலிபரப்புக்காக வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று அதை ஒதுக்கி வைத்தால் பாக்கியும் கூடுதல் கட்டணமும் ஏறும்; ஆனால் ஒரே வீட்டில் நால்வர் சேர்ந்திருந்தால் ஒருவர் கட்டினால் போதும். இவை சிறிய செய்திகள்தாம். மொழியே தட்டுத் தடுமாறும் மாதங்களில், தனியாக ஓர் அறையில் அமர்ந்து அந்தக் கடிதங்களைப் பிரிப்பவருக்கு அவை சிறியவை அல்ல.

வேலையிலோ சுமை இன்னும் அதிகம். இங்கே பி.எஸ்சி. நர்சிங் முடித்து அனுபவமும் பெற்றவர், தம் தகுதிக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை அங்கே பெரும்பாலும் உதவியாளர் நிலையிலேயே, குறைந்த சம்பளத்தில் பணியாற்றுகிறார். அறிவுத் தேர்வையோ தகவமைப்புப் பயிற்சியையோ முடித்த பிறகே முழுச் செவிலி ஆகிறார். நம் மருத்துவமனைகளில் நோயாளியின் உறவினர் செய்யும் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் முதலியவை அங்கே செவிலியின் அன்றாடக் கடமை. இதை முன்கூட்டியே அறிந்து செல்பவர் அதைத் தொழிலின் ஒரு பகுதியாக ஏற்கிறார். அறியாமல் செல்பவர் தம்மைத் தாழ்த்திவிட்டார்கள் என்று மனம் உடைகிறார்.

உதகையின் உறைபனியில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று இங்கே பலரும் கேட்பார்கள். அங்கே டிசம்பரில் காலை எட்டு மணி சுமாருக்கு விடிந்து மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும். வாட்டுவது குளிரைக் காட்டிலும் அந்த வெளிச்சக் குறைவுதான். நம் மலை வீடுகளில் குளிருக்குக் கதவடைத்தே பழகியவர்கள், அங்கே குளிர்காலத்திலும் நாள்தோறும் சில நிமிடங்கள் சன்னலை முழுதாகத் திறந்து அறையின் ஈரத்தை வெளியேற்றப் பழக வேண்டும். சுவரில் பூஞ்சணம் பிடித்தால், மூன்று மாத வாடகை வரை கொடுத்திருக்கும் முன்பணத்துக்கே வழக்கு வரும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது பணம் பற்றிய எதிர்பார்ப்பு. தோட்டத் தொழிலாளி ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்தாள் என்றதும், அடுத்த மாதமே மனை வாங்கப் பணம் வரும் என்று பெற்றோர் நம்புவதில் தவறில்லை; அவர்களது அச்சம் உண்மையானது. ஆனால் வீட்டு முன்பணமும் குளிராடையும் தேர்வுச் செலவும் சேர்ந்து வரும் அந்த முதல் ஆண்டில், உதவியாளர் சம்பளத்தில் அவள் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அனுப்ப முடியாததை வெளியே சொல்லவும் முடியாமல் கூடுதல் நேர வேலையை ஏற்று, அதனால் அங்கீகாரத் தேர்வையே தள்ளிப்போடும் பெண்களை நான் அறிவேன். ஆகவே புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியில் ஒரு நாளையாவது பெற்றோருக்கு ஒதுக்குங்கள். அதைச் சென்னையில் நடத்தாமல், அவர்கள் அரைநாள் கூலியை மட்டும் இழந்து வந்துபோகக்கூடிய கோத்தகிரியிலும் கூடலூரிலும் நடத்துங்கள்.

அடுத்து, புதிதாகச் செல்லும் ஒவ்வொருவரையும், அதே நாட்டில் முதல் ஆண்டைக் கடந்துவிட்ட ஒரு தமிழ்ச் செவிலியோடு துறையின் பெயரில் இணைத்துவிட வேண்டும். இதைத் தோழிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், வழிகாட்டும் அந்தச் செவிலிக்கு ஒரு மதிப்பூதியமும், சிக்கல் வந்தால் உடனே தொடர்புகொள்ளத் துறையில் ஓர் அலுவலரும் வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை ஏதேனும் குறிக்கப்பட்டிருந்தால், கையெழுத்துக்கு முன்பே அதைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பையும் அந்த அலுவலரே ஏற்கலாம்.

ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறீர்கள். விடுப்பில் ஊர் வந்திருக்கும் செவிலியரை அதையொட்டி மலைக்கு ஒருமுறை அழைத்துவந்து, புறப்படக் காத்திருக்கும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் அமரச் செய்யுங்கள். கோத்தகிரியில் கூட்டத்துக்கு இடம் பார்ப்பதும், தோட்டம் தோட்டமாகச் சென்று குடும்பங்களுக்குச் செய்தி சொல்வதும் எங்கள் பொறுப்பு. தேதியை மட்டும் முன்கூட்டித் தெரிவித்தால் போதும்.

இங்ஙனம்,
தாயகம் திரும்பியோர் குடும்பத்தின் மகள் ஒருத்தி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.