பூட்டிக் கிடந்த வீட்டின் தண்ணீர்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டாரும் லண்டனில் நலமாக இருக்க வேண்டுகிறேன். இம்முறை ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலில் நிற்பதென்று பயணச்சீட்டும் எடுத்துவிட்டதாக நீ எழுதியிருந்ததை வாசித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை உன் நாவற்குடா வீட்டுக்குப் போனேன். தைப்பொங்கல் முடிந்து நீ பூட்டிவிட்டுப் போனபடியேதான் வீடு இருக்கிறது. மாமரம் நன்றாகக் காய்த்திருக்கிறது. கச்சான் காற்றில் செவ்வரத்தைகள் மட்டும் வாடிப்போயிருந்தன. அவற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் விடலாமென்று ஹோஸை எடுத்ததில் இருந்துதான் இந்தக் கடிதம் தொடங்குகிறது.

உன் ஹோஸ் உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் சுருட்டியபடி, பாதி வெயிலிலும் பாதி குரோட்டன் நிழலிலும் கிடந்தது. குழாயைத் திறந்ததும் முதலில் காற்று இரைந்தது. பிறகு கை சுடும் அளவுக்குச் சூடான, வெறுந்தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர், கருகிய வெங்காயத் தோல் போன்ற துணுக்குகளுடன் வந்தது. முனையில் இருந்த தெளிப்பானை யாரோ மெல்லிய துமியாக விழும்படி திருகி வைத்திருந்ததால், எதிர்க்காற்று அந்தத் துமியை அப்படியே என் முகத்தில் கொண்டுவந்து அடித்தது. உடனே மூடிவிட்டேன். பின்னர் மேல்மாடிக் குளியலறைக்குப் போய் ஷவரின் தலையைக் கழற்றிப் பார்த்தேன். துளைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. உட்புறத்தை விரலால் தடவியபோது வெட்டிய வெண்டிக்காயைத் தொட்டது போல வழுவழுப்பு. விரலில் இளஞ்சிவப்பும் மண்ணிறமும் கலந்த ஒரு பசை ஒட்டியிருந்தது.

நீ வந்திறங்கும் இரவில் பயணக் களைப்புத் தீர முதலில் நிற்கப்போவது அந்த ஷவரின் கீழேதான் என்பதை நினைத்தபோது எனக்கு அண்ணனின் நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த தன் வீட்டின் மேல்மாடியில் அன்றிரவே குளித்தார். ஆறாம் நாள் காய்ச்சலும் வறட்டு இருமலும் தொடங்கின, வயிற்றோட்டமும் சேர்ந்தது, எட்டாம் நாள் என்னையே யாரென்று கேட்டார். நுரையீரலில் நியூமோனியா என்றார்கள். முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. மருந்தை மாற்றிய பிறகுதான் தேறினார். எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனை செய்யப்படவில்லை. ஆகையால் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நோயாய்க் கிடந்த பதினைந்து நாளிலும், வந்த அன்று எந்தத் தண்ணீரில் குளித்தார் என்று ஒருவரும் கேட்கவுமில்லை, நாங்களாகச் சொல்லவுமில்லை. முப்பது வருடம் உயிரியல் படிப்பித்த எனக்கே அது தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

லெஜியோனெல்லா என்ற பற்றீரியாவைப் பற்றி நீ அங்கே கேள்விப்பட்டிருப்பாய். 1976 யூலையில் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய அமெரிக்க முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி 221 பேர் நோயுற்று, அவர்களில் 34 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் யனவரியில்தான் மக்டேட், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அது எங்கிருந்தோ வந்த புதுக் கிருமி அன்று. ஆறுகளிலும் குளங்களிலும் சிறு தொகையாக என்றுமே இருந்து வந்ததுதான். ஓடாமல் வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரும், குழாயின் உட்சுவரில் படியும் வழுக்கலும் கிடைத்தால் அது பெருகும். அந்த வழுக்கலை மேய வரும் அமீபாக்களின் வயிற்றுக்குள்ளேயே அது செரிக்காமல் தங்கிப் பெருகுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பான செய்தி. அமீபாவை உள்ளிருந்து வெல்லப் பழகிய அதே முறையில்தான் அது நம் நுரையீரலின் காவல் கலங்களையும் வெல்கிறது. கலத்துக்குள் ஒளிந்திருப்பதால் பெனிசிலின் வகை மருந்துகள் அதற்கு எடுபடுவதில்லை. அசித்ரோமைசின், லெவோபுளொக்சசின் போன்றவையே கேட்கும். இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

இந்தக் கிருமி இருக்கும் தண்ணீரைக் குடிப்பதால் பொதுவாக இந்த நோய் வருவதில்லை. மூச்சோடு உள்ளே இழுப்பதால்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துமி மூச்சுக் குழாய்களைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்விடும். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் நடந்த பூக் கண்காட்சிக்கு 77,000 பேர் வரை வந்தார்கள். அங்கே விற்பனைக்காகக் காட்டி வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டிகளிலிருந்து எழுந்த துமியால் 188 பேர் நோயுற்றார்கள். அவர்கள் அந்தத் தொட்டிகளில் இறங்கிக் குளித்தவர்கள் அல்லர், பார்த்துக்கொண்டு நின்றவர்கள். என் முகத்தில் அடித்த அந்த ஒரு நிமிடத் துமியை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்பது உனக்கு இப்போது விளங்கும்.

நீ சென்ற கடிதத்தில், கிணற்றடியில் வளர்ந்த நமக்கு இந்தப் பயமெல்லாம் எதற்கு என்று கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் அந்தக் கிணற்றடியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினோம். தண்ணீர் கட்டியாக விழுந்து மணலுக்குள் போய்விடும். மூச்சில் ஏறும் துமி மிகக் குறைவு. மணற்பாங்கான நம் நிலத்தில் கிணற்றில் நாளும் புதிதாக ஊறும், நாளும் அள்ளுவோம். கதிர்காமம் போய்ப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பிய அன்று, அம்மா கிணற்றில் நாற்பது வாளி இறைத்து வாழைக்கு ஊற்றிய பிறகுதான் எங்களைக் குளிக்க விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் இன்று மோட்டரால் ஏற்றிக் கூரைமேல் கறுப்புத் தாங்கியில் அடைத்து, சுவருக்குள் ஓடும் குழாய்களில் மாதக்கணக்கில் நிறுத்தி, கடைசியில் நுண்துளைகளால் துமியாக்கி, கதவடைத்த சிறு அறைக்குள் சுவாசிக்கிறோம். தண்ணீர் மாறவில்லை. அது நம்மிடம் வந்து சேரும் வழி முழுவதும் மாறிவிட்டது.

உங்கள் நாட்டில் இதற்கு எளிய விதி வைத்திருக்கிறார்கள்: குளிர்நீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே, சேமித்த சுடுநீர் 60 பாகைக்குக் குறையாமல். இரண்டுக்கும் இடைப்பட்ட 20 முதல் 45 பாகை வரைதான் கிருமி பெருகும் வெப்பம். உடல் வெப்பத்தை அண்டிய 35 பாகை அதற்கு மிகவும் பிடிக்கும். இப்போது மட்டக்களப்பை எண்ணிப் பார். பள்ளிக்கூடத்துப் பழைய வெப்பமானி இன்னும் என்னிடம் இருக்கிறது. என் வீட்டுத் தாங்கித் தண்ணீர் காலை ஆறு மணிக்கே 29 பாகை காட்டியது. குளிர்நீர் என்று நாம் சொல்வது ஒருநாளும் 20 பாகைக்கு இறங்கப்போவதில்லை. அந்த விதியின் முதற்பாதி நம் ஊரில் செல்லுபடியாகாது. எனவே தண்ணீரை நிற்கவிடாமல் ஓடவிடுவதிலும், தேங்கியதை வெளியேற்றுவதிலும், குளோரினிலும்தான் நாம் தங்கியிருக்க வேண்டும். நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுக் குளோரினுடன் வருகிறது என்பது உண்மை. ஆனால் குளோரின் நிற்கிற தண்ணீரில் நாளுக்கு நாள் குறைந்து போய்விடும். கிணற்றிலிருந்து ஏறும் தண்ணீரில் அது தொடக்கத்திலேயே கிடையாது.

வெயில் கொன்றுவிடாதா என்றும் கேட்பாய். எனக்கும் அந்த எண்ணம் வந்து, திங்கட்கிழமை என் வளவிலேயே அளந்து பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு ஹோஸில் முதலில் வந்த தண்ணீர் 52 பாகை. இரவு எட்டு மணிக்கு 35. கிருமி விரைவில் அழிய 60 பாகையாவது வேண்டும். சுருளின் உட்சுற்றுகளும் நிழலில் கிடக்கும் பாதியும் அந்தச் சூட்டை எட்டவே எட்டா. எட்டினாலும் அமீபாவின் கூட்டுக்குள் இருப்பவை தப்பிவிடும். மாலையானதும் முழு ஹோஸும் அவற்றுக்குப் பிடித்த வெப்பத்தில் விடிய விடியக் கிடக்கும்.

ஷவர்த் தலையைப் பற்றி இன்னொன்று. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோர்மன் பேஸ் தலைமையிலான குழு 2009இல் அமெரிக்காவின் ஒன்பது நகரங்களில் 45 ஷவர்த் தலைகளைச் சுரண்டிப் பார்த்தபோது, காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபற்றீரியம் ஏவியம், வந்த தண்ணீரில் இருந்ததைவிட நூறு மடங்குக்கு மேல் சில தலைகளில் திரண்டிருந்தது. உன் மனைவிக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருப்பதால் இதை எழுதுகிறேன். நீ காலையில் மூக்குக் கழுவும் பழக்கத்தை விடவில்லையென்றால், அதற்குக் கொதித்து ஆறிய நீரைத் தவிர வேறெதையும் எடுக்காதே. 2011இல் லூசியானாவில் இருவர் குழாய்நீரால் மூக்கைக் கழுவியதால் மூளையைத் தாக்கும் அமீபா ஏறி இறந்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் விளையாட்டாக ஹோஸில் வாய் வைத்துக் குடிப்பதையும் தடுக்க வேண்டும். சூட்டில் கிடந்த பிளாஸ்டிக்கிலிருந்தும் பித்தளை இணைப்புகளிலிருந்தும் ஈயம் முதலானவை அந்தத் தண்ணீரில் இறங்கக்கூடும். ஹோஸின் முனையைப் பூச்சிமருந்து கலந்த வாளிக்குள் அமிழ்த்தி வைப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வது. மோட்டர் நின்று, தண்ணீரைக் கிணற்றுக்குத் திரும்ப விடாமல் தடுக்கும் அடிவால்வும் பழுதாக இருந்தால் வாளியில் உள்ளது அப்படியே கிணற்றுக்குள் திரும்பி இறங்கும். என் வீட்டிலேயே வாளியொன்று ஒரு சொட்டும் மிஞ்சாமல் வற்றியிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டு, அன்றைக்கே கிணற்றை இறைப்பித்தேன். தேங்கிய தண்ணீரில் பெருகும் நுளம்பைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வருகிற சனிக்கிழமை ஆள் பிடித்து உன் தாங்கியை வடித்து, அடியில் இருக்கும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, குளோரின் கரைத்த தண்ணீர் நிரப்பி எல்லாக் குழாய்களிலும் அது வரும்வரை திறந்து, இரவு முழுதும் நிற்கவிட்டு மறுநாள் முழுவதும் வெளியேற்றுவேன். கீசரை 60 பாகைக்கு மேலே வைத்துச் சூடேற்றிச் சுடுநீர்க் குழாயையும் அப்படியே ஓடவிடுவேன். குளியலறையில் யன்னலைத் திறந்து, ஷவர்த் தலை இல்லாமல், குழாய் வாயில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டி அதன் மூலையை வெட்டிவிட்டால் தண்ணீர் துமியாகாமல் கீழே வடியும். முகக்கவசமும் போட்டுக்கொள்வேன். ஷவர்த் தலை இப்போது என் குசினியில் வினாகிரிக்குள் கிடக்கிறது. அதை நன்றாகக் கழுவிய பிறகே குளோரினில் போடுவேன், இரண்டும் கலந்தால் நச்சுவாயு எழும். பழைய ஹோஸை எறிந்துவிட உன் அனுமதி வேண்டும். புதியதை நிழலில் தூக்கி மாட்டி, ஒவ்வொரு முறையும் வடித்துவிட்டு, தெளிப்பானைக் கழற்றி வைக்கும்படி வளவு கூட்டும் பெடியனிடமும் சொல்லிவிட்டேன். நீ வரும் வரை கிழமைக்கு ஒருமுறை எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிட நானே போவேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், புகைத்தவர்களுக்கும், நீரிழிவுக்காரருக்கும் இந்த நோய் எளிதில் பற்றும் என்கிறார்கள்; உன்னிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. இங்கே நிற்கும்போதோ திரும்பிப் போய் இரண்டு வாரத்துக்குள்ளோ காய்ச்சலும் இருமலும் வந்தால், பூட்டிக் கிடந்த வீட்டில் குளித்தேன் என்று வைத்தியரிடம் நீயாகவே சொல்லு. லெஜியோனெல்லாவைச் சிறுநீரிலேயே பார்க்கும் பரிசோதனை உங்கள் பக்கத்தில் உண்டு. நம் மாவட்டத்து மண்ணிலும் குளோரின் போடாத தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு நோயின் கிருமியும் உண்டு. அது நீரிழிவுக்காரரையே பெரிதும் தேடிப் பிடிக்கும், மாரியில்தான் அதிகம். அதன் பெயரையும் ஒரு தாளில் எழுதி உன் பணப்பைக்குள் வைத்துக்கொள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. ஞாயிறு முதல் நாளும் காய்ச்சல் பார்த்து வருகிறேன், இதுவரை ஒன்றுமில்லை. நீ வரும் முதல் இரவு மட்டும் என் வீட்டுக் கிணற்றடியில் குளி. தண்ணீர் கொஞ்சம் கீழே போயிருக்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது. வாளியும் கயிறும் புதிதாக வாங்கியிருக்கிறேன். ஹோஸை எறியலாமா என்பதற்கும், கீசரை நிறுவியவர் வெப்பத்தை எந்த இடத்தில் திருகச் சொன்னார் என்பதற்கும் சனிக்கிழமைக்கு முன் பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்