நண்பனுக்கு இடம் விட்ட கிட்டார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பேஸ் கிட்டார் பழக ஆரம்பித்திருக்கிறாள். சாயங்காலமானால் வீடு முழுக்க அந்தத் தடித்த கம்பிகளின் உறுமல்தான்.

அவளால்தான் இந்தக் கதை என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு சான் பீட்ரோவுக்குப் போனேன். லாஸ் ஏஞ்சல்ஸின் துறைமுகப் பகுதி அது. கிரேன்களும் கன்டெய்னர்களும், உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களும் நிறைந்த இடம். அங்கே பெக் பார்க் என்று ஒரு பூங்கா. 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பையன் மரத்திலிருந்து இன்னொரு பையன்மேல் குதித்தான். தன் கூட்டாளி என்று தவறாக நினைத்துவிட்டான். குதித்தவன் டி. பூன், மாட்டிக்கொண்டவன் மைக் வாட். பின்னாளில் மினிட்மென் என்ற ராக் குழுவைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். இருவருக்கும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுதான். அன்றிலிருந்து பிரியவில்லை.

பையன்கள் தெருவில் சுற்றி வம்பில் மாட்டக் கூடாது என்று பூனின் அம்மாதான் இருவரையும் இசைப் பக்கம் திருப்பினார். மகனுக்குக் கிட்டார், வாட்டுக்குப் பேஸ் என்று அவரே முடிவு செய்தார். பேஸ் எப்படி இருக்கும் என்றே வாட்டுக்குத் தெரியாது. நாலு கம்பி என்று மட்டும் தெரியும். சாதாரண கிட்டாரில் நாலு கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் வாசித்திருக்கிறான்! இதைச் சொன்னபோது மகள் என்னை நம்பவே இல்லை.

ராக் என்றால் பெரிய அரங்கத்தில் யாரோ வாசிப்பது, நாம் அதைப் பார்த்து வாசிக்கலாம், அவ்வளவுதான் என்று இருந்தவர்கள் இவர்கள். பங்க் என்ற எளிமையான, முரட்டுத்தனமான ராக் பாணி வந்த பிறகுதான் சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்ற எண்ணமே வந்தது. 1978-இல் ரியாக்‌ஷனரீஸ் என்று நாலு பேராக ஒரு குழு. அது கலைந்து, 1980 ஜனவரியில் மூன்று பேராக மினிட்மென் தொடங்கியது. முதல் டிரம்மர் சீக்கிரமே விலகிவிட, பழைய குழுவில் இருந்த ஜார்ஜ் ஹர்லி திரும்பி வந்தார். பாட்டெல்லாம் ஒரு நிமிடம் ஓடுவதால் இந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் போரில் கூப்பிட்ட நிமிடமே துப்பாக்கியோடு வந்து நின்ற ஊர்க்காவல் வீரர்களின் பெயர் அது. 1960-களில் ஒரு தீவிர வலதுசாரிக் கும்பல் அதைத் தனக்கு வைத்துக்கொண்டது. அதற்குப் பதிலடியாகவும் இவர்கள் அதை எடுத்தார்கள்.

முதல் இசைத்தட்டு 1980-இலேயே வந்துவிட்டது. ஏழு பாட்டு, மொத்தம் ஏழு நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் வந்ததில் பதினெட்டு பாட்டு, பதினைந்து நிமிடம். லண்டனின் வயர் குழுவைக் கேட்டுத்தான் பாட்டை இப்படிச் சுருக்கலாம் என்று கற்றிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடுகிறது. பல்லவியைத் திரும்பப் பாடுவதெல்லாம் கிடையாது.

காசு விஷயத்திலும் அப்படித்தான். ‘எகானோ’, அதாவது சிக்கனம், என்பது அவர்கள் பேச்சில் ஒரு மந்திரம் மாதிரி. ஸ்டூடியோ வாடகை குறையும் என்று நடுராத்திரிக்கு மேல் பதிவு. ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பையே மறுபடி பயன்படுத்துவது. பிறகு வெட்டி ஒட்டச் செலவாகுமே என்று தட்டில் வரும் வரிசையிலேயே பாட்டுகளை வாசிப்பது. வேனிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்குவதும் அவர்களே, கச்சேரி முடிந்து ஏற்றுவதும் அவர்களே. யாரிடமும் கையேந்தாமல் தன் பாட்டைத் தானே பாடிக்கொள்ள இதுதான் வழி என்று கண்டுகொண்டார்கள். நாம் அந்தச் சிற்றிதழை நடத்தியபோது இது தெரிந்திருந்தால் நாலு இதழோடு நிறுத்தியிருக்க மாட்டோம்.

சரி, நான் உனக்குச் சொல்ல நினைத்தது இனிமேல்தான். ராக் குழுக்களில் கிட்டார்தான் முதலாளி. அது போடும் சத்தத்தில் பேஸ் அடியில் அமுங்கிப் போகும். பூன் தன் கிட்டாரில் கீழ்ஸ்தாயி ஒலியை அறவே குறைத்து, கீச்சென்று மெல்லிசாக வைத்துக்கொண்டார். கீழே காலியான இடம் முழுக்க வாட்டின் பேஸுக்கு, நடுவில் ஹர்லியின் டிரம்முக்கு. பாட்டில் சமத்துவம் என்று பாடிவிட்டு மேடையில் ஒருவரே முழங்கினால் சரியாகுமா என்பது அவர் எண்ணம். எனக்கு அந்த ஆள்மேல் பெரிய மரியாதை வந்ததே இதைப் படித்த பிறகுதான். ஆளோ கனத்த உடம்பு, மேடையில் எகிறிக் குதிப்பவர். தன் வாத்தியத்தை மட்டும் அப்படி ஒதுக்கி வைத்திருக்கிறார், பதின்மூன்று வயதில் கிடைத்த நண்பனுக்காக.

1984-இல் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு இரட்டை இசைத்தட்டு போட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் இன்றும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். 1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் பூன் போய்விட்டார். வயது 27. வாட் இசையையே விட்டுவிடும் நிலைக்குப் போய்த் திரும்பியவர். இன்றும் வாசிக்கிறார். அதன் பிறகு போட்ட தட்டுகளைப் பூனுக்கே சமர்ப்பிக்கிறார்.

பூங்காவில் எந்த மரம் என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஒவ்வொரு மரத்தடியிலும் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு கூப்பிடு. அந்த முதல் தட்டை ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கூப்பிடு, ஏழு நிமிடம்கூட ஆகாது. பேஸ் எங்கே நிற்கிறது என்று கவனி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்