மேசை யார் வீட்டுச் சொல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு பேச்சு. மலாய் மொழியில் கலந்திருக்கும் தமிழ்ச் சொற்களைப் பேச்சாளர் அடுக்கிக்கொண்டே போனார். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது. சரி, நானும் கைதட்டினேன். அப்புறம் மேசைதான் 'மேஜா', அலமாரிதான் 'அல்மாரி', சன்னல்தான் 'ஜெண்டெலா' என்றாரே, அங்கேதான் என் கை நின்றுவிட்டது.

முப்பது வருடம் தச்சுப்பட்டறையில் கிடந்தவன் நான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மலாய்க்காரர் 'காத்தில்' என்றால் கட்டில், 'பெத்தி' என்றால் பெட்டி. யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டும் நம் சொற்கள். குளிர்சாதனப் பெட்டியைக்கூட அவர்கள் 'பெத்தி செஜுக்', அதாவது குளிர்ப்பெட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த மூன்றும் அப்படியல்ல. வீட்டுக்கு வந்து பேத்தியை அகராதி பார்க்கச் சொன்னேன். போர்த்துகீசிய மொழியில் மேசா, அர்மாரியோ, ஜனேலா. 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து, 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள், போன இடமெல்லாம் தட்டுமுட்டுச் சாமானோடு பெயரையும் இறக்கியிருக்கிறார்கள். நமக்குச் சாளரம் இருந்தது. ஆனால் என்னிடம் சாளரம் செய்து தரச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை. பெஞ்சை யாழ்ப்பாணத்துக்காரர்கள் 'வாங்கு' என்பார்கள், மலாயில் 'பங்கு'. இரண்டுக்கும் தாய் போர்த்துகீசிய 'பாங்கோ'. மலாய்க்காரருக்கு நாம் கொடுத்ததல்ல, இருவருமே ஒரே ஆளிடம் வாங்கியது. பேச்சாளர் இதைச் சொல்லியிருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பேன்.

இதைச் சொல்கிற நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. தேக்கு மரத்தால்தான் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு அந்தப் பெயர் என்று பட்டறைக்கு வந்த பையன்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தவன். மரம் அறுக்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆங்கிலத்து 'டீக்' வேண்டுமானால் நம் தேக்கிலிருந்து போனது, அதுவும் போர்த்துகீசியர் வழியாக. தேக்கா அப்படி இல்லை. ஒருநாள் நான் அளந்தது வார்னிஷ் அடிக்கும், ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுகிறவர் காதில் விழுந்துவிட்டது. 'தேக்' என்றால் மூங்கில், 'கா' என்றால் கால், மூங்கில் புதரின் அடி என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த இரண்டு வாரம் பட்டறையில் என் பெயரே தேக்கா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சன்,
ஈசூன், சிங்கப்பூர்