நெல்லைச் சீமையின் இயற்பியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வரும் ஆண்டு முதுநிலை ப்ராஜெக்ட்டுகளில் ஒன்றிரண்டையாவது, அணுவில் கட்டுப்படாத எலக்ட்ரான் கற்றையிலிருந்து ஒளி எடுக்கும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் பக்கம் திருப்பிவிடுங்கள். பணம் பெரிதாக வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் படித்து, வடக்கே ஒரு துகள் முடுக்கி ஆய்வகத்தின் காந்தப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வைவாவுக்குக் கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் போய்வருகிறேன். லேசர் என்றதும் பிள்ளைகள் ரூபி, ஹீலியம்-நியான், கார்பன் டை ஆக்சைடு என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். ஆற்றல் மட்டப் படமும் அழகாகப் போடுகிறார்கள். அணுவே இல்லாமல், வெறும் எலக்ட்ரான் கற்றையிலிருந்து லேசர் எடுக்க முடியுமா என்று கேட்டால் மட்டும் முகத்தைப் பார்க்கிறார்கள். முடியும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜான் மேடி 1971-லேயே எழுதிவிட்டார். 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய குழு 3.4 மைக்ரான் அலைநீளத்தில் இயக்கியும் காட்டிவிட்டது.

இத்தனைக்கும் அதன் அடிப்படை பி.எஸ்சி. மாணவருக்கே புரியக்கூடியதுதான். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றிக் காந்தங்களை அடுக்கிய நீண்ட வரிசைக்கு அண்டுலேட்டர் என்று பெயர். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான் அதற்குள் போனால் இடமும் வலமுமாக நெளியும். நெளியும்போது ஒளி விடும். காந்த வரிசையின் ஒரு சுற்றை எலக்ட்ரான் கடக்கிற நேரத்தில், ஒளி அதைவிடச் சரியாக ஓர் அலைநீளம் முன்னே போயிருக்கும். அதனால் ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் இடையிலான கட்டம் (ஃபேஸ்) குலையாது. சில எலக்ட்ரான்கள் ஆற்றலை இழந்து பின்தங்கும், சில பெற்று முந்தும். கொஞ்ச தூரத்தில் கற்றை முழுவதும் ஓர் அலைநீள இடைவெளியில் மெல்லிய தகடுகளாகத் திரண்டுவிடும். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே மூச்சில் இழுத்தால்தான் நகரும். எலக்ட்ரானும் அப்படித்தான். கற்றையின் ஒரு பொதியில் சுமார் நூறு கோடி எலக்ட்ரான் இருக்கிறது. அவை தனித்தனியாக ஒளிவிட்டால் செறிவு எண்ணிக்கையின் அளவுக்குத்தான் கூடும், சேர்ந்து விட்டால் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குக் கூடும்.

அலைநீளக் கணக்கைக் கரும்பலகையிலேயே போட்டுவிடலாம். காமா என்பது எலக்ட்ரானின் மொத்த ஆற்றல் அதன் ஓய்வு ஆற்றலைப் போல் எத்தனை மடங்கு என்பது; K என்பது காந்தம் அதை எவ்வளவு நெளிக்கிறது என்பதன் அளவு. காந்தச் சுற்றின் நீளத்தை காமாவின் வர்க்கத்தைப் போல் இருமடங்கால் வகுத்து, ஒன்றோடு K வர்க்கத்தின் பாதியைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 20 மெகா எலக்ட்ரான் வோல்ட், 5 செ.மீ. சுற்று, K ஒன்று என்று வையுங்கள். சுமார் 25 மைக்ரான், அகச்சிவப்பு. அதையே 14 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏற்றி, சுற்றை 3 செ.மீ., K-யை 3.5 என்று மாற்றினால் 1.4 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ் கதிர், அணுக்களுக்கு இடையிலான தூரம். சூத்திரம் ஒன்றுதான், மாறியது எண்கள் மட்டுமே.

அமெரிக்காவின் எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ் கதிர் லேசர் 2009-ல் இதைச் செய்து காட்டியது. ஜப்பானில் 2011, கொரியாவின் போஹாங்கில் 2016. ஹாம்பர்க்கில் 3.4 கி.மீ. நீள ஐரோப்பிய இயந்திரம் 2017-ல் திறந்தது. வினாடிக்கு 27,000 துடிப்புகள். ஒரு துடிப்பு சில பத்து ஃபெம்டோ வினாடிதான். கதிர் பட்டுப் புரதப் படிகம் சிதறுவதற்கு முன்பே படம் பதிந்துவிடுகிறது. இலையில் ஒளியைப் பிடிக்கும் ஃபோட்டோசிஸ்டம்-1 கூட்டுப்புரதத்தை மைக்ரானுக்கும் சிறிய படிகங்களில் இப்படிப் படமெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட எக்ஸ் கதிர் லேசர் இல்லை. இந்தூரில் இதே வகை அகச்சிவப்பு லேசர் ஒன்று இருக்கிறது, டெல்லியில் டெராஹெர்ட்ஸுக்கான திட்டம் ஒன்று இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் எழும்: மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள், கூடங்குளத்தில் அணு உலை இருக்கிறது, இதையும் நம் பக்கமே கட்டச் சொல்லுவோம் என்று. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. போஹாங்கில் 1990-களின் நடுவிலேயே, எலக்ட்ரானைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு ஒளி எடுக்கும் சின்க்ரோட்ரான் ஓடத் தொடங்கிவிட்டது. இருபது வருடம் அதில் கை பழகிய பிறகுதான் லேசரைக் கட்டினார்கள். நாம் முதலில் ஆட்களைத் தயார்செய்ய வேண்டும், அதற்கு இயந்திரம் வைக்கிற சுரங்கம் தேவையில்லை.

என்ன செய்யலாம்? அலுமினியச் சட்டத்தில் சிறிய நியோடிமியக் காந்தங்களை மேலும் கீழுமாக அடுக்கினால் மாதிரி அண்டுலேட்டர் தயார். நடுவில் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரை ஸ்டெப்பர் மோட்டாரில் நகர்த்தினால் திரையில் சைன் அலை எழும். அதன் முகடுகள் ஒரே உயரத்தில் இருக்காது. அங்கேதான் பாடமே ஆரம்பம்: எந்தக் காந்தம் வலுக்குறைவு, எதை எதோடு இடம் மாற்றினால் பிழை அடங்கும் என்று தேட வேண்டும். பெரிய ஆய்வகங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள், மைக்ரான் கணக்கில். அப்புறம் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றிப் பாருங்கள். சுற்று 4 செ.மீ. என்றால், இடைவெளியை 9 மி.மீ. கூட்டினாலே புலம் பாதியாகிவிடும். அடுக்கும்போது மட்டும் கவனம். இரண்டு காந்தம் தாவி ஒட்டும்போது விரல் நடுவில் இருந்தால் நகம் கறுத்துவிடும்.

கணினி வழியில் போக விரும்பும் பிள்ளைகளுக்கு, இந்த லேசரைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஜெனிசிஸ், ஓசலாட் போன்ற நிரல்கள் இலவசம். பைத்தான் தெரிந்தால் ஓசலாட் போதும்; சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

நம் ஊருக்கே உரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரையோடு படுத்து வடக்கு நோக்கி இருக்கும், அளவு சுமார் 0.4 காஸ் (ஒரு டெஸ்லா என்பது பத்தாயிரம் காஸ்). ஒரு டெஸ்லா அண்டுலேட்டருக்கு முன் இது தூசு என்று தோன்றும். ஆனால் கிழக்கு மேற்காக ஓடும் 14 கிகா எலக்ட்ரான் வோல்ட் கற்றையை 100 மீட்டர் தூரத்தில் அது 4 மி.மீ. மேலோ கீழோ தள்ளிவிடும். கற்றையோ தலைமுடியைவிட மெல்லியது. அதே கற்றையை வடக்கு தெற்காக விட்டால் புலம் அதை ஏறக்குறைய தொடாது. ஹாம்பர்க்கில் புலம் செங்குத்தாகச் சாய்ந்து இறங்குவதால், எந்தத் திசையில் சுரங்கம் வெட்டினாலும் இந்தச் சலுகை கிடைக்காது. கிருஷ்ணாபுரத்துத் தரவை வைத்து இதை ஒரு மாணவி எழுதினால் அது இன்னோர் ஊரின் ஆய்வேட்டைப் பார்த்து எழுதியதாக இருக்காது.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். தெரியும், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலையும் விடைத்தாளும் போக மிச்சமிருப்பது சொற்பம். வழிகாட்டியாக ஒரு ஆசிரியரை மட்டும் ஒதுக்குங்கள். காந்தங்களும் சென்சாரும் முதல் இரண்டு கல்லூரிகளுக்கு என் செலவு, சனிக்கிழமைகளில் நானே வந்து மாணவர்களோடு உட்காருகிறேன். தலைப்புகளை முடிவு செய்யும் முன் சொல்லிவிட்டால் வசதி. லேப்பில் காந்தங்களைத் தனித்தனியாக வைக்க, தடுப்பு போட்ட மரப்பெட்டி ஒன்று செய்து வையுங்கள். இரும்பு பீரோ பக்கம் வேண்டாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டைப் பழைய மாணவன்