கோட்டையூரைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

காரைக்குடி

மதுரை அண்ணனுக்கும், திண்டுக்கல் அக்காவுக்கும், திருச்சித் தம்பிக்கும், ஊர்ப் பெயரை வைத்தே என் போனில் பதிந்து வைத்திருக்கும் இன்னும் சிலருக்கும் வணக்கம்.

நாம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளின் நிறுவனம், உங்களைப் போன்ற தன்னார்வ வல்லுநர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த அங்கீகாரத்தை நிறுத்திவிட்டது என்று போன வாரம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனி சான்றிதழ் கிடையாது, பட்டம் கிடையாது, இலவச உரிமமும் கிடையாது. அக்கா அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "சரி, உன் பேரேடு நேர் ஆயிருச்சா?" என்று என் வேலையைப் பற்றிக் கேட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த நேரத்தில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும். உங்களிடம் உதவி வாங்கியவர்களில் பாதிப் பேர் நீங்கள் அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. செக்காலையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆத்தங்குடிக் கல் பட்டறைகள், முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழஞ்சாமான் கடை, வீட்டிலேயே பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஒரு ஆச்சி, இப்படி. என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப் படித்தவர். ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு, நேராகாமல் விளக்கை அணைக்க மாட்டார் என்று அப்பா சொல்வார்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. ஆகஸ்டில் முதல் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு கல் பட்டறையின் வரி மட்டும் எப்படிப் போட்டாலும் தப்பாக வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் மதுரை அண்ணனைக் கூப்பிட்டேன். அதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன். அவர் திரையைக் காட்டச் சொல்லி ஒவ்வொரு பில்லாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பில்லில் நிறுத்தி, "இவங்க ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் என்னம்மா?" என்றார். முப்பத்திரண்டு என்றேன். "நம்ம தமிழ்நாடு முப்பத்து மூணு. முப்பத்திரண்டு கேரளாம்மா. அந்தப் பேரேட்டுல மாநிலத்தை நிரப்பாம விட்டிருக்கீங்க, அதான் உள்ளூர் வியாபாரம்னு நினைச்சு வரியை மத்தியத்துக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதின்னு பிரிச்சிருச்சு. வெளி மாநிலத்துக்குச் சரக்குப் போனா ஐஜிஎஸ்டிங்கற ஒரே வரிதான்." பாலக்காட்டில் கட்டிய ஒரு வீட்டுக்குப் போன கற்கள் அவை. அப்புறம் அதே மாதிரி விடுபட்ட ஏழு பேரேடுகளை இருவருமாகத் தேடித் திருத்தினோம். முடிக்கும்போது மணி ஒன்றே முக்கால். மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஐயா இருந்திருந்தால் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டிருப்பார்.

திருச்சித் தம்பி செய்தது வேறு விதம். எங்கள் பக்கத்து ஊர்களைப் பாருங்கள்: கோட்டையூர், கோவிலூர், கொத்தமங்கலம். எல்லாம் கொம்பு போட்ட எழுத்து. நான் கோட்டையூர் என்று தட்டித் தேடினால் அந்த ஊர் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள். மீதிப் பேர் பட்டியலில் கண்ணெதிரே இருப்பார்கள், தேடினால் அகப்பட மாட்டார்கள். நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டால் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். மூன்று தடவை செய்தேன். தம்பி அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. என் கோப்பை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து காரணத்தைப் பிடித்தான். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின்னால் ஓகாரக் குறி ஒன்றை மட்டும் வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விதிப்படி மென்பொருளும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், எங்களுடையது எடுத்துக்கொள்ளவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்து மாற்றிக் கொண்டுவந்த பெயர்கள் எல்லாம் இரண்டாவது விதத்தில் உட்கார்ந்திருந்தன.

என் கோப்பைச் சரிசெய்து கொடுத்ததோடு அவன் விடவில்லை. நிறுவனத்தின் அந்த அங்கீகாரத் திட்டத்தில் இருந்ததால் மென்பொருளை எழுதும் பொறியாளர்களிடம் நேரே பேச அவனுக்கு வழி இருந்தது. கொத்தமங்கலத்தையும் கோவிலூரையும் உதாரணம் காட்டி அவர்களுக்கு எழுதினான். அடுத்த பதிப்பில் தேடல் சரியாகிவிட்டது. தமிழில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் சரியானது. அதற்குப் பின்னால் ஒரு மாணவன் தூக்கம் விழித்தது யாருக்குத் தெரியும்?

அதனால்தான் நிறுவனத்தின் முடிவு தவறு என்று நினைக்கிறேன். செலவைக் குறைக்க வேண்டியிருந்திருக்கலாம், அது அவர்கள் பாடு. ஆனால் கடைசியாகப் பறிபோனது அந்த நேர்வழி. கொம்பு பிசகுகிறது என்று உதவி எண்ணில் சொன்னால் அது யார் காதுக்குப் போகும்? தன்னார்வ வல்லுநர்களை அங்கீகரிக்க 1993-ல் தொடங்கிய எம்விபி திட்டத்தை மைக்ரோசாஃப்ட்கூட 1999 அக்டோபரில் நிறுத்தப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. எங்கள் நிறுவனமும் அப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, நான் கணக்கு எழுதும் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். பதினாறு பேர் போட்டார்கள். ஆச்சி, "நம்ம பொடியனுக்கா?" என்று கேட்டுவிட்டுத் தமிழில் முழுப் பெயரும் எழுதிக் கொடுத்தார்.

அக்கா, உங்களுக்குத் தனியாக ஒன்று. நான் கேட்ட எதையும் 'இதுகூடத் தெரியாதா' என்கிற குரலில் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கணக்கு எழுத வந்த புதிதில், எதிரே உட்கார்ந்த ஆண்கள் எல்லோரிடமும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். இந்தத் தொழிலில் நான் நிலைத்ததற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான். இதை உங்களிடம் நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

எல்லோரும் உங்கள் வீட்டு விலாசத்தை எனக்கு அனுப்பிவையுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஆச்சி மணகோலமும் சீப்புச் சீடையும் போடுகிறார், உங்களுக்கென்று தனியாக. பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திருச்சித் தம்பிக்கு இரண்டு டப்பா. ஒன்று ஆச்சி கணக்கு, ஒன்று என் கணக்கு.

நன்றியுடன்,
செக்காலையில் கணக்கு எழுதும் உங்கள் தங்கை