ஹ்யூ லின்ட்சே: குறை எஞ்சினில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த நீராவிக் கப்பல் கட்டுரையில், பம்பாயில் கட்டிய 'ஹ்யூ லின்ட்சே' எஞ்சின் வலு போதாமல் தடுமாறியது என்று எழுதியிருந்தீர்கள். மலைரயில் எஞ்சினோடு பழகிய குன்னூர்க்காரர்களான எங்களுக்கு அது சரியாகப் படவில்லை.

1829-இல் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் கட்டிக் கடலில் இறக்கிய அந்தத் துடுப்புச் சக்கரக் கப்பல் (இருபக்கமும் பலகைச் சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ள ஓடுவது) 411 டன்; 80 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின்கள். அக்காலத்துக்கு அது குறைவல்ல. கோளாறு கரிக்கு ஒதுக்கிய இடத்தில். ஐந்தரை நாளைக்குத்தான் கரி கொள்ளும். போக வேண்டியதோ செங்கடல் வழியாகச் சூயஸுக்கு. வழியில் உள்ள ஏடன் துறைமுகமே ஏறக்குறைய 1,640 கடல் மைல், பதினோரு நாள் ஓட்டம். ஆகவே 1830 மார்ச் 20 அன்று கேப்டன் ஜான் வில்சன் புறப்பட்டபோது பயணிகள் அறையிலும் மேல்தளத்திலும் கரிதான். அப்படியும் ஏடன் சேர்ந்தபோது மிஞ்சியது ஆறு மணி நேரக் கரி.

இவ்வளவு ஏற்றினால் கப்பல் தாழும். சக்கரப் பலகைகள் ஆழத்தில் முங்கும். உள்ளே போகையில் தண்ணீரை அறையும், வெளியே வருகையில் தண்ணீரைத் தூக்கும். நீராவி அதற்கே செலவாகும். நாலு பேர் ஏறிய ஊட்டி ஏரி மிதிபடகை மிதித்த கால்களுக்கு இது புரியும். கரி தீரத் தீரக் கப்பல் எழும்பிவிடும். பலகையின் நுனி மட்டும் தண்ணீரைத் தொட, சக்கரம் வீணாகச் சுற்றும். பலகைகளைக் கழற்றி ஆரக்கால்களில் இடம் மாற்றி முடுக்கலாம்தான், ஆனால் ஆடுகிற கடலில் யார் செய்வது? கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரம் முங்கி மற்றது காற்றில் நிற்கும். சுமை முழுவதும் அச்சுத்தண்டின் ஒரு பாதியில் விழும்.

தண்ணீரையும் கட்டுரை விட்டுவிட்டது. மலைரயில் ஹில்குரோவ் நிலையத்தில் பிடிப்பது நல்ல தண்ணீர். அன்றைய கப்பல் பாய்லருக்குக் கடல்நீரே கதி. எடையில் ஏறக்குறைய 32-இல் ஒரு பங்கு உப்பு. கொதிக்கக் கொதிக்க உப்பு செறியும், சுண்ணப்படிவு பாய்லர் தகட்டில் ஒட்டும், வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தகடே பழுத்துப் புடைக்கும். அதைத் தடுக்கச் சில மணிக்கு ஒருமுறை செறிந்த சுடுநீரைக் கடலுக்குத் திறந்துவிட்டு, புதுநீரை ஏற்றிச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கும் கரிதானே! ஏற்கெனவே பற்றாத கரி.

நம் மலைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நீராவிக் கப்பலில் தபால் அனுப்பும் திட்டத்துக்குத் தீவிரமாக ஆதரவு தந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு, 1834-இல் உதகையில் தங்கியிருந்தார். ஆனால் அவர் ஆதரவு மட்டும் போதுமா? தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்து அந்த மாதங்களில் இக்கப்பலால் மேற்கே போக முடியாது.

இன்னொரு திருத்தம். சூயஸ் சேர 32 நாள் ஆனது உண்மை. ஆனால் 32 நாளும் ஓடியதாகக் கட்டுரை சொல்வது தவறு. எஞ்சின் ஓடியது 21 நாள்தான். மீதி நாட்கள், பாய்மரக் கப்பலில் முன்கூட்டியே அனுப்பி வைத்த கரியை வழித்துறைகளில் ஏற்றுவதில் கழிந்தன. 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஏடனைப் பிடித்ததற்குக் கரித்துறைத் தேவையும் ஒரு காரணம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், குன்னூர்